களைப்பை வாங்கிக்கொண்ட தீவு

பவளத்திட்டு நாட்டின் பெண்கள் கால்பந்து அணி முதல் பாதி ஆட்டத்தில் எந்த நாட்டுக்கும் சளைத்ததில்லை. இடைவேளை விசில் ஊதுகிறவரை பெரிய நாட்டுக்காரிகளோடு சரிக்குச் சரி நின்று ஆடுவார்கள், சில நாள் ஒரு கோல் முந்திக்கூட இருப்பார்கள். அதற்கப்புறம், விடியுமுன்பே எழுந்து நின்ற கால்கள் ஒவ்வொன்றாகக் கனக்க ஆரம்பிக்கும். மீன் டப்பா ஆலையில் சூரைமீன் வெட்டுகிறவளின் கால், உப்பளத்தில் உப்பு வாருகிறவளின் கால், தபால் பையோடு தெருத்தெருவாக சைக்கிள் மிதிக்கிறவளின் கால் என்று எல்லாக் கால்களும் ஈரச்சாக்கு மாதிரி ஆகிவிட, திறந்துகிடக்கிற வீட்டுக்குள் கோழி நுழைகிற மாதிரி எதிரணிக்காரிகள் நுழைந்து கோல் போட்டுவிட்டுப் போவார்கள். நாட்டிலிருந்த ஒரே வானொலியின் வர்ணனையாளர் இரக்கமுள்ள மனிதர். இடைவேளையோடு வர்ணனையை நிறுத்திக்கொண்டு பாட்டுப் போட்டுவிடுவார். முடிவை மறுநாள் காலையில் மீன்விலைக்கும் காற்றின் வேகத்துக்கும் நடுவே, கேட்டும் கேட்காத குரலில் வாசிப்பார்.

அந்த அணியில் நடுவில் நின்று ஆடுகிறவள் அமலி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அமலோற்பவம், ஆனால் அதைச் சாமியாரைத் தவிர யாரும் முழுசாகச் சொன்னதில்லை. சூரை வெட்டுகிறவள் அவள்தான். பகல் முழுக்க ஆலையில் கத்தியோடு நின்றுவிட்டு, மாலையில் உப்பளத்தை ஒட்டிய மைதானத்துக்கு ஓடி, இருட்டும்வரை பந்து மிதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து புருஷன் தொபியாஸுக்குச் சோறு வடிப்பாள். தொபியாஸ் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன், நல்லவன், ஆனால் மனைவி பந்து விளையாடுவதைப் பற்றி யாராவது கேட்டால், மழை வருமா என்று கேட்டமாதிரி வானத்தைப் பார்ப்பான்.

கூடப்பிறந்தது என்று அவளுக்கு இருந்தது ஒரே அக்கா, மதலேன். நாட்டின் ஒரே ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். தெருவில் ஓடுகிற பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. அக்காளும் தங்கையும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. அம்மா இறந்தபோது அமலி அணியோடு வெளிநாட்டில் இருந்தாள்; பவளத்திட்டுக்கு வாரத்தில் ஒரு விமானம்தான்; அவள் வந்து இறங்கியபோது கல்லறை மண் காய்ந்துபோயிருந்தது. வாசல்வரை போனவளை அக்கா உள்ளே கூப்பிடவில்லை. அன்றுமுதல் ஒரே கோயிலில் ஒருத்தி அந்தப்பக்கத் தூணோரமும் இன்னொருத்தி இந்தப்பக்கத் தூணோரமுமாக முழந்தாளிட்டு, ஒரே சாமியைக் கும்பிட்டுவிட்டு, வெவ்வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள்.

பெருங்கடல் கோப்பைக்கான தகுதிச் சுற்று தொடங்கி, கந்தகமலை நாட்டுக்குப் போய் அணி ஆடிய முதல் ஆட்டத்தன்றுதான் அது நடந்தது. வழக்கம்போல இடைவேளையில் வர்ணனையாளர் விடைபெற்றுக்கொண்டு பாட்டுப் போட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத யேசுமணிக்கு மூச்சு வாங்கியது. பள்ளிவாசல் மோதினாருக்குக் கெண்டைக்கால் சதை இழுத்தது. மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்த சாமியார் பீடத்தின் படியில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்த்து, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார். டீக்கடையில் சாய்வு நாற்காலியில் கிடந்த ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்தார். வரிசையாக வந்து விழுந்தவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டர், ரொம்ப தூரம் ஓடிவந்தவர்களுக்கு இருப்பதுபோல இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, தானும் பக்கத்து பெஞ்சில் காலை நீட்டிப் படுத்தார். யாருக்கும் பயம் வரவில்லை, ஏனென்றால் அது நோயின் களைப்பாக இல்லை. நிறைய மீன் விழுந்த நாளில் வலை இழுத்துக் கரையேறுகிறவனுக்கு வருமே, உடம்பு நோக உள்ளே எதுவோ சிரிக்கிற களைப்பு, அதுவாக இருந்தது.

மறுநாள் காலை வானொலியில் மீன்விலை வாசித்து முடித்த வர்ணனையாளர், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தாமல், ஒன்றுக்கு ஒன்று, சமம் என்று வாசித்தார். காற்றின் வேகத்தைத்தான் ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று ஊர் நினைத்தது.

அணி திரும்பி வந்து இறங்கியபோது, ஆடிவிட்டு வந்தவர்கள் மாதிரி ஒருத்திகூட இல்லை. குளித்து முழுகிக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அமலி மறுநாள் ஆலைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கோல்கீப்பர் சபீனாவுக்கு வலது முழங்காலில் ஒரு பழைய வலி உண்டு. பந்துக்காக விழும்போதெல்லாம் அது உள்ளேயிருந்து ஊசி குத்துவதுபோல இரண்டு முறை குத்தி, ஒரு முறை விட்டு, மறுபடி குத்தும். சபீனாவோடு பக்கத்தில் நின்று டப்பா அடைக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் வலது முழங்காலைத் தொட்டுக்காட்டி, நேற்று முந்தாநாள் இங்கே குத்தியது, இரண்டு குத்து, ஒரு விடுப்பு, மறுபடி ஒரு குத்து என்று சொன்னார்கள். சபீனா கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அது என் வலி என்றாள். அமலியும் அதுவரை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்: இரண்டாம் பாதியில் கால் கனக்கும் கனக்கும் என்று காத்திருந்தேன், கனக்கவே இல்லை, யாரோ சுமையை வாங்கி இறக்கி வைத்தமாதிரி இருந்தது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் பவளத்திட்டு நினைத்தது. தொட்டிலில் பிள்ளை அழுதால் கடைத்தெருவில் நிற்கிற தாய்க்குப் பால் சுரக்கிறது. கடலில் புருஷனுக்கு முள் குத்தினால் கரையில் பெண்டாட்டிக்குக் கை நடுங்குகிறது. கால் களைப்பு மட்டும் ஏன் கடல் தாண்டி வரக்கூடாது? வந்தது வந்துவிட்டது, இனி அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. டீக்கடையிலும் மார்க்கெட்டிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பேசிப் பேசி, யாருக்கெல்லாம் வந்தது யாருக்கெல்லாம் வரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் அதன் போக்கைப் பிடித்தார்கள். ஆட்ட நேரத்தில் எவள் ஒருத்தியை நினைத்துக்கொண்டிருக்கிறோமோ அவளுடைய களைப்பு நம்மிடம் வரும். நினைக்காதவர்களிடம் வராது. அவ்வளவுதான் சட்டம்.

அடுத்த ஆட்டம் நீள்கரை நாட்டில். அதற்கு ஊரே தயாரானது. சாமியார் பூசை நேரத்தைக் காலைக்கு மாற்றினார். பள்ளிவாசலில் ஆட்ட நேரத்தில் யாரும் கடலுக்குப் போகவேண்டாம், நடுக்கடலில் துடுப்பு போடமுடியாமல் போகும் என்று அறிவித்தார்கள். முருகன் கோயில் பூசாரி அன்னதானத்தை ஆட்டம் முடிகிற நேரத்துக்குத் தள்ளிவைத்தார், அப்போதுதான் பசி நன்றாக இருக்கும். பேருந்துகளை ஓரம்கட்டினார்கள். கிணற்றடியிலும் அடுப்படியிலும் யாரும் நிற்கக்கூடாது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். வர்ணனையாளரிடம் போய், இனிமேல் பாதியில் பாட்டுப் போட்டால் வானொலி நிலையத்துக்குப் பூட்டுப் போடுவோம் என்று மார்க்கெட் பெண்கள் அன்பாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். பெண்களுக்குப் பந்து எதற்கு என்று முன்பு பேசிய மந்திரி ஒருவர், ஆட்டத்துக்கு மறுநாள் வானொலியில் வந்து தனக்குத் தொடை ரெண்டும் வலிப்பதாகச் சொன்னார். எந்த ஆட்டக்காரியின் வலி ஐயா என்று கேட்டதற்கு அவருக்கு ஒரு பெயரும் சொல்லத் தெரியவில்லை. ஊர் சிரித்தது, அவருக்கு அதற்கப்புறம் உண்மையாகவே வயிறு வலித்தது என்று கேள்வி.

அந்தக் காலத்தில் பவளத்திட்டில் ஒருவரை ஒருவர் அளந்துகொண்ட கேள்வி, வலித்ததா என்பதுதான். முதல் ஆட்டத்தில் ஒன்றுமே வராத புருஷன்மார்கள் வீட்டில் பதில் சொல்லமுடியாமல் எஞ்சினுக்கு அடியிலும் வலைக்கு அடியிலும் போய் ஒளிந்துகொண்டார்கள். தொபியாஸ் அவர்களில் ஒருவன். அமலி அவனை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நீள்கரை ஆட்டத்தன்று அவன் பட்டறையைப் பூட்டிவிட்டு, பாயை விரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியை நினைக்க முயன்றான். எவ்வளவு முயன்றும் அவள் சோறு வடிக்கிறதும் துணி உலர்த்துகிறதும்தான் நினைவுக்கு வந்தன; அவள் பந்தோடு ஓடி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசியில், கல்யாணமான புதிதில் மழைக்குப் பயந்து கடற்கரையில் அவள் அவனை முந்திக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டான். இடதுகால் சுண்டுவிரலில் ஒரு சுளுக்கு வந்தது. அன்று அணி ஜெயித்தது. அவன் அந்த வாரம் முழுக்க, தேவைக்கு மேலேயே நொண்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்வந்தான். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், அமலியோடது என்று சொன்னான்.

அமலிக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு சந்தேகமும் வந்தது. ஒரு சுண்டுவிரல் சுளுக்கு போக, மீதிக் களைப்பெல்லாம் எங்கே போயிற்று? நடுவில் ஆடுகிறவள் மற்றவர்களைவிட இருமடங்கு ஓடவேண்டும். சபீனாவுக்கு ஆலை முழுக்க ஆள் இருந்தது. தபால்காரி குமுதினிக்குத் தெருவெல்லாம் ஆள் இருந்தது. அமலி அதிகம் பேசாதவள். அவளை அப்படி விடாமல் நினைக்க யார் இருக்கிறார்கள்?

பதில் ஆலை வாசலில் வந்து நின்றது. சங்கு ஊதி எல்லோரும் வெளியே வந்தபோது, வெள்ளைப் புடவையில் மதலேன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். மற்ற பெண்கள் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள்.

"ஒன் களைப்ப எங்கிட்ட அனுப்பாத" என்றாள் மதலேன். மூன்று வருஷத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"நான் அனுப்பல அக்கா. நெனைக்கிறவங்ககிட்ட அதுவா போகுதுன்னு சொல்லுதாங்க."

"நான் ஒன்ன நெனைக்கல."

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். மதலேன் சாலைப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நெனச்சாலும் கோவத்துலதான் நெனைக்கேன்" என்றாள்.

"கோவமா நெனச்சாலும் அது நெனப்புதான போல, அக்கா."

மதலேன் நடந்ததைச் சொன்னாள். நீள்கரை ஆட்டத்தன்று அவள் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வெளியே வந்த நேரம், அவளுடைய கால் இரண்டும் துவண்டு, தோள் கழன்றமாதிரி கை ஓய்ந்துபோய், பிள்ளை அவள் கையிலிருந்து நழுவியது. கூட நின்ற ஆயா பாய்ந்து வாங்கிக்கொண்டதால் பிள்ளை பிழைத்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை அவள் கையிலிருந்து நழுவியதில்லை. இதைச் சொல்லும்போது அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லிமுடித்ததும், வந்தமாதிரியே போய்விட்டாள்.

அமலி அன்று மைதானத்துக்குப் போய் பூட்ஸைக்கூடப் போடாமல், பயிற்சியாளர் ரகுமத்து டீச்சரிடம், கடைசி ஆட்டத்தில் நான் ஆடவில்லை என்று சொன்னாள். கடைசி ஆட்டம் சொந்த ஊரில், பேராறு நாட்டோடு. பேராறு பெரிய நாடு. அவர்களுடைய அணிக்காரிகளுக்கு ஆடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஜெயித்தால் கோப்பைக்குப் போகலாம், சமமானால்கூடப் போதாது. டீச்சர் அமலி சொன்னதையெல்லாம் கேட்டார். அமலி இல்லாமல் நடுக்களம் ஓட்டைப் படகு என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் அதை அவர் சொல்லவில்லை. அக்காளுக்காக ஒதுங்குகிறவளை ஆடு என்று கட்டாயப்படுத்த அவருக்கு மனமில்லை.

"ஒதுங்கணும்னா ஒதுங்கு. ஆனா நீயா முடிவு பண்ணாத. அவ காலுக்கு அவதான் பேசணும். ஒரு தடவ போய்க் கேளு" என்றார்.

போவதா வேண்டாமா என்று அமலி ஆலையில் நின்று யோசித்து, அடுப்படியில் நின்று யோசித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். அது அவர்கள் இருவரும் பிறந்த வீடு. மதலேன் முற்றத்தில் உட்கார்ந்து கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள், விரலெல்லாம் மை. அமலி வாசலில் நின்றாள். மதலேன் நிமிர்ந்து பார்த்தாள். ரொம்பநேரம் கழித்து, கணவாய்ச் சட்டியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டாள். அமலி உள்ளே போய் அந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு கணவாயை எடுத்துத் தோல் உரித்தாள். சட்டி பாதி காலியானது.

"பிளேன் இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மதலேன். "தெரியாமலா இருக்கேன்? பொழுது சாயுற வரைக்கும் அம்மாவ எடுக்க விடல. எல்லாரும் எடுக்கணும், எடுக்கணும்னாங்க. நான் வாசல்ல நின்னு வானத்தையே பாத்துட்டிருந்தேன். வராதுன்னு தெரிஞ்சே பாத்தேன். பெறகு நான் யார்மேல கோவப்பட? பிளேன்மேலயா கோவப்பட முடியும்?"

"எம்மேலயே படு அக்கா" என்றாள் அமலி.

மதலேன் மை படிந்த புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். மூக்கில் மை அப்பியது. அமலி முந்தானையால் அதைத் துடைக்கக் கையை நீட்டினாள். மதலேன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆடமாட்டேன்னு சொன்னியாமே. ஆடு. புள்ளைய கையில வாங்குற நேரத்துல எனக்கு வேற நெனப்பே வராது. அன்னிக்கு வராந்தாவுல ரேடியோ ஓடுச்சு, அதுல ஒம்பேரச் சொன்னான். அந்த ரேடியோவ எடுக்கச் சொல்லிட்டேன்."

"ஒன்னால முடியுமாக்கா?"

"மூணு வருஷமா ஒன்ன ஒருநாள் விடாம நெனச்சிருக்கேன். ஒரு ஆட்ட நேரம் மறந்திருக்க மாட்டனா?" என்றாள் மதலேன்.

ஆட்டத்தன்று காலையிலிருந்தே ஊர் உப்பளத்து மைதானத்துக்கு நடந்தது. பாய் கொண்டுவந்தார்கள், தலையணை கொண்டுவந்தார்கள், கயிற்றுக் கட்டிலைத் தலையில் சுமந்துவந்தார்கள், சிலர் படகுப் பாயையே கழற்றிக் கொண்டுவந்து விரித்தார்கள். நீராகாரப் பானைகள், வாழைப்பழத் தார்கள், தைல பாட்டில்கள் வந்தன. பேராறு அணி பேருந்திலிருந்து இறங்கிப் பார்த்தபோது, மைதானத்தைச் சுற்றி ஒரு நாடே மல்லாக்கப் படுத்துக்கிடந்தது. பார்வையாளர்கள் தூங்கி எங்களை அவமதிக்கிறார்கள் என்று அவர்களுடைய பயிற்சியாளர் ரெஃப்ரியிடம் முறையிட்டார். பார்க்க வந்தவர்கள் நின்றுகொண்டுதான் பார்க்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். நடுக்கோட்டுக்கு நேராக, எல்லோருக்கும் முன்னால், புதுத் தலையணை ஒன்றோடு தொபியாஸ் படுத்திருந்தான்.

அமலி பூட்ஸ் கட்டும்போது அவன்தான் சொன்னான், கலங்கரை விளக்கத்துக்காரரின் மனைவிக்கு விடியற்காலையில் வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், மதலேன் அங்கேதான் இருக்கிறாள், தலைப்பிள்ளை என்று. அமலி ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு விசில் ஊதியது.

முதல் பாதி எப்போதும்போல முதல் பாதிதான். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு படுத்துக்கிடந்த கூட்டத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆலைப் பெண்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். தபால் தெருக்காரர்கள் வாழைப்பழத்தை உரித்தார்கள். பத்துப் பேர் மைதானத்தில் இப்போதுதான் வந்து இறங்கியவர்கள் மாதிரி ஓடினார்கள். அமலிக்கு மட்டும் கால் கனத்தது.

முதலில் அவள் நம்பவில்லை. அடுத்த ஓட்டத்தில் இன்னும் கனத்தது. பழைய கனம், மறந்தே போயிருந்த கனம், சூரை வெட்டி நின்ற பகல்களெல்லாம் ஒன்றுசேர்ந்து கணுக்காலில் வந்து தொங்குகிற கனம். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அக்கா அவளை மறந்துவிட்டாள். சொன்னமாதிரியே மறந்துவிட்டாள், அங்கே பிள்ளை வந்துகொண்டிருக்கிறது, அக்காளுடைய கை உறுதியாக இருக்கிறது. அந்த நினைப்பில் ஒரு கணம் நின்றுவிட்டவளின் காலடியிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போன பேராற்றுக்காரி கோல் போட்டாள்.

ரகுமத்து டீச்சர் கோட்டோரம் வந்து, வெளியே வருகிறாயா என்று கையால் கேட்டார். அமலி மூச்சு வாங்கியபடியே பக்கத்தில் போய், "என் களைப்பு எங்கிட்டயே இருக்கு டீச்சர். இருக்கட்டும். நல்லதுக்குத்தான்" என்றாள். டீச்சர் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாற்று ஆட்டக்காரியை உட்காரச் சொன்னார்.

அவள் தன் களைப்போடேயே ஆடினாள். ஓடமுடியாத இடத்துக்கு நடந்தாள், நடந்து போகமுடியாத இடத்துக்குப் பந்தை அனுப்பினாள். தொபியாஸ் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதன்முதலாக அவள் ஆடுவதைப் பார்க்கிறான். இவள் இவ்வளவு தூரத்தையா ஒவ்வொரு நாளும் ஓடிவிட்டு வந்து சோறு வடித்தாள் என்று நினைத்த மாத்திரத்தில் அவனுடைய இரண்டு தொடையும் கல்லாக இறுகின. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அமலிக்குக் கொஞ்சம் இலேசானது. அந்தக் கொஞ்சத்தை வைத்து ஒரு கார்னரை வளைத்து அடித்தாள், குமுதினி தலையைக் கொடுத்தாள், கோல். ஒன்றுக்கு ஒன்று. படுத்துக்கிடந்த கூட்டத்துக்கு எழுந்து ஆர்ப்பரிக்கச் சக்தியில்லை; எல்லோரும் ஒரே நேரத்தில் விட்ட பெருமூச்சு உப்பளத்துத் தண்ணீரில் அலை எழுப்பியது.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பேராற்றுக்காரிகள் கூட்டமாக வந்து அடித்த பந்தை சபீனா விழுந்து தட்டிவிட, அது உருண்டு அமலியின் காலுக்கு வந்தது. முன்னால் மைதானம் முழுசும் காலியாகக் கிடந்தது, ஆனால் அவளால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. பந்தை மிதித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கனம் போனது.

கொஞ்சம் கொஞ்சமாகப் போகவில்லை. தலைச்சுமையை எட்டி ஒருத்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டமாதிரி மொத்தமாகப் போனது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், எல்லாம் பத்து வயசுப் பிள்ளையுடையதுபோல ஆயின. பிள்ளை பிறந்துவிட்டது என்று அமலிக்குத் தெரிந்தது. யாரும் வந்து சொல்லாமலே தெரிந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். பேராற்றுக்காரிகள் பிறகு தங்கள் ஊரில் போய், பந்தைவிட அந்தச் சிரிப்பைத்தான் எங்களால் தாண்டமுடியவில்லை என்று சொன்னார்களாம். ஒருத்தி, இரண்டு பேர், மூன்றாவது ஆள் என்று தாண்டி, கோல்கீப்பரும் அவளை நோக்கி ஓடிவர, அமலி பந்தை மெதுவாக, பாயில் படுத்திருக்கிற பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்கிற மாதிரி, பக்கத்தில் வந்த குமுதினியிடம் தள்ளிவிட்டாள். குமுதினி அதை வெறும் வலைக்குள் அனுப்பினாள்.

விசில் ஊதியபோது ஆட்டக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சுற்றினார்கள். ஊர் படுத்தபடியே கைதட்டியது. வர்ணனையாளர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒலிவாங்கியை மூடமறந்துவிட, அவர் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அமலி அங்கே நிற்கவில்லை. தொபியாஸிடம் மட்டும் வந்து குனிந்து அவனுடைய தொடையைத் தொட்டுப்பார்த்தாள். அவன் வலியில் முகத்தைச் சுளித்து, நீ போ, நான் பிறகு எழுந்து வருகிறேன் என்று கையாட்டினான். பூட்ஸோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மதலேன் பிரசவ அறை வாசலில், பெஞ்சில் மல்லாந்து கிடந்தாள். கால்களைச் சுவரில் தூக்கிச் சாய்த்திருந்தாள். புடவை வியர்வையில் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு புதுக் குரல் அழுதுகொண்டிருந்தது.

"பொம்பளப் புள்ள" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "கழுத்துல கொடி ரெண்டு சுத்து சுத்திக் கெடந்துச்சு. எடுத்துட்டேன். அவ அழுத சத்தம் கேட்ட பெறகுதான் நீ ஞாபகத்துக்கு வந்த. ஆயா கையில புள்ளையக் குடுத்தேன், அப்படியே விழுந்துட்டேன்."

அமலி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காளுடைய கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கெண்டைக்கால் சதை கயிறு முறுக்கினமாதிரி இறுகிக்கிடந்தது. அதை மேலிருந்து கீழாகப் பெருவிரலால் நீவிவிட்டாள். மதலேனுக்கு வலித்தது, ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. யார் ஜெயித்தது என்று அவள் கேட்கவுமில்லை, அமலி சொல்லவுமில்லை. வெளியே தெருவில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போகிறவர்கள் பாடிக்கொண்டே போனார்கள்.

"கோப்பை எங்க நடக்குது?" என்று மதலேன் கேட்டாள்.

"ரொம்ப தூரம் அக்கா. போனா வர ஒரு மாசம் ஆகும்."

"அங்கேருந்தும் வாரத்துக்கு ஒரு பிளேன்தானா?"

"ஆமா."

மதலேன் கண்ணைத் திறந்து, தன் காலை நீவுகிற கைகளைப் பார்த்தாள். சூரை வெட்டிய தழும்புகள் இருந்த கைகள். உள்ளே பிள்ளை அழுகையை நிறுத்திப் பால் குடிக்க ஆரம்பித்திருந்தது.

"போயிட்டு வா" என்றாள். "நான் இங்க படுத்துக்கிடுதேன்."